பழைய துவிச்சக்கர வண்டியும் மறைந்திருக்கும் பழுதும்

கைம்மாறிய துவிச்சக்கர வண்டியொன்றை வாங்குவோர் பெரும்பாலும் முதலிற் பார்ப்பது அதன் பூச்சையே. பூச்சுப் புதிதாயின் வண்டியும் நன்றென்றும், துருவேறியிருப்பின் தீதென்றும் கொள்வர். கிரீச்சிடும் சங்கிலியும் தளர்ந்தாடும் மட்காடும் எவரையும் எளிதில் வீழ்த்துவதில்லை. அவை தம் குறையை நாள்தோறும் தாமே அறிவித்துக்கொண்டிருக்கும். யாதோர் அறிவிப்புமின்றி ஒரு கணத்திற் கைவிடும் உறுப்புக்கள் வேறு சில. வண்டியை வீட்டுக்குக் கொணர்ந்தவர் தெருவில் ஏறி ஓடுமுன் இவற்றையே முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சமதரையில் தடுப்பின் பழுது நெடுநாள் மறைந்திருக்கக்கூடும். இறக்கமில்லாத தெருவில் மிதிப்பதை நிறுத்தினாலே வண்டி மெல்ல ஓய்ந்துவிடுமாதலின், பிறேக் செம்மையாகத் தொழிற்படுகின்றதா என்பதை விற்றவரே அறியாதிருத்தல் கூடும். ஒழுங்கையிலிருந்து குழந்தையொன்று குறுக்கே ஓடிவரும்போதே அது வெளிப்படும். வண்டி நிற்கும்பொழுது பாரம் முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வலிமையிற் பெரும்பங்கு முன்சில்லுக்குரியது. குப்புற விழ நேருமென அஞ்சி முன் பிறேக்கைக் கழற்றிவிடுவோர் தமக்கிருந்த காவலிற் பாதிக்கு மேற்பட்டதைக் கழற்றிவிடுகின்றனர். வண்டியின் அருகே நின்று முன் பிறேக்கை இறுகப் பிடித்து முன்னே தள்ளினால், முன்சில்லு உருளாது நிற்கப் பின்சில்லு தரையைவிட்டு எழுதல் வேண்டும். தடுப்புக் கட்டைகளின் இறப்பர் மரம்போற் காய்ந்து மினுங்குமாயின் அவற்றை மாற்றுதலே தக்கது. கட்டையைத் தாங்கும் கூட்டின் ஒருமுனை திறந்திருந்தால், மூடிய முனை சில்லு சுழன்று செல்லும் திசையில் இருத்தல் வேண்டும். மாறிப் பூட்டினால், பிடிக்கும் கணத்திலேயே கட்டை நழுவி வெளியே பாயும். உருக்கு விளிம்பு மழையில் நனைந்தபின் வண்டி நிற்கும் தூரம் மிக நீளுமென்பதையும் மாரிகாலத்தில் மறத்தலாகாது.

அடுத்து ஆராயவேண்டியது முன்சில்லைத் தாங்கும் கவர்த்தண்டு. 1990களில், எரிபொருள் தடைப்பட்டிருந்த குடாநாட்டில், விறகும் நெல்மூடையும் நோயாளரும் துவிச்சக்கர வண்டியிலேயே சென்றனர். அக்காலத்து வண்டிகளில் இன்றும் ஓடுவன உண்டு. அவை எத்துணைப் பாரம் சுமந்தன, எங்கெங்கு மோதின என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் இரும்பு தன் வரலாற்றை ஓரளவு காட்டும். பக்கத்தில் நின்று நோக்கினால், கைபிடியின் கீழுள்ள தலைக்குழாயும் கவர்த்தண்டின் மேற்பகுதியும் ஒரே நேர்கோட்டிற் சென்று, கீழே மட்டும் தண்டு முன்னோக்கி வளைதல் வேண்டும். நேர்கோடு பின்னோக்கி முறிந்து தோன்றின், வண்டி எங்கோ மோதியதென்பது துணிபு. தலைக்குழாயை அடுத்துள்ள இரு குழாய்களின் அடிப்புறத்தை விரலால் தடவ, அங்கு மடிப்போ பூச்சு வெடிப்போ தென்படலாம். வண்டி முழுதும் பழையதாயிருக்க அவ்விடத்திற்கு மட்டும் புதுப்பூச்சு இட்டிருப்பின், பாராட்டுவதற்கு மாறாக ஐயுறுதலே முறை. வளைந்த தண்டை நிமிர்த்தியோ ஒட்டுவைத்தோ ஓடுவது ஆகாது; மாற்றுத் தண்டின் விலை பல் வைத்தியரின் கட்டணத்திலும் குறைவு.

கைபிடியைச் சோதித்தல் எளிது. முன்சில்லை முழங்கால்களிடையே இறுக்கிக்கொண்டு கைபிடியைத் திருக, அது தனித்துத் திரும்பலாகாது. உயரம் வேண்டி அதன் தண்டை அளவுக்குமேல் வெளியே இழுத்திருத்தலும் ஆபத்தே. உள்ளே எஞ்சிய சிறுபகுதி பாரம் தாங்காது. பெடல்களைப் பொறுத்தவரை, இடப்பெடலின் புரி மறுபுறமாக வெட்டப்பட்டதென்பதை அறியாது வலுவந்தமாக முறுக்கியவர் பலர். புரி சிதைந்த பெடல், ஏறி நின்று மிதிக்கும்பொழுது கழன்று போகும்.

ரயரின் பக்கச்சுவரில் நூல் தெரிந்தால் அதனை மாற்றுக. சில்லைச் சுழற்றி விளிம்பு கோணுகின்றதா எனப் பார்த்து, கம்பிகளை ஒவ்வொன்றாக விரலாற் சுண்டுக. தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும்.

மிதிதண்டை அச்சுடன் பிணைக்கும் ஆப்பைப் புதிதாக மாற்றியிருப்பின், சில மைல் ஓடியபின் அதன் சுரையை மீண்டும் ஒருமுறை இறுக்குதல் வேண்டும். பாரம் ஏறியபின்னரே ஆப்பு தன் இடத்திற் படியும்.