வேலியோரத்துக் கார்த்திகைப் பூ: நடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

2010 ஆம் ஆண்டு ஆவணியில் கிளிநொச்சியிலுள்ள எங்கள் வளவுக்குத் திரும்பினோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் பற்றை. கொட்டில் போடுவதற்காகப் பெரியம்மா வேலியோரத்தை மண்வெட்டியால் கொத்திக்கொண்டு போனபோது, கவர் விட்ட தடி போல இரண்டு கிளையாகப் பிரிந்த கிழங்குகள் ஐந்தாறு வெளியே வந்தன. காட்டு வள்ளியாக இருக்கும் என்று அவர் நினைத்தார். நிவாரண அரிசியும் பருப்பும் தின்று அலுத்திருந்த காலம் அது. கழுவி அடுப்படியில் வைத்துவிட்டார்.

பின்னேரம் தண்ணீர் அள்ள வந்த பக்கத்து வளவு ஐயா அதைக் கண்டார். "உதை எங்கையிருந்து கிண்டினனியள்? உது கார்த்திகைக் கிழங்கு பிள்ளை. அவிச்சுக் குடுத்திருந்தால் ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டியள்."

எங்களுக்கு நம்ப முடியவில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பூ அது. பூவைத் தெரிந்திருந்த எங்களில் ஒருவருக்கும் அதன் கிழங்கைத் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கிழங்குகளில் இரண்டைப் பெரியம்மா எறியாமல் திரும்ப மண்ணுக்குள் வைத்தார். இன்றும் எங்கள் வேலியில் அதன் வழிவந்த கொடிதான் படர்கிறது. வருடாவருடம் மழைக்கு முன்னர் "கிழங்கு இருக்கோ, எப்பிடி நடுறது?" என்று யாராவது கேட்கிறார்கள். கிழங்கைக் கொடுப்பதற்கு முன்னர் நான் சொல்கிறவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தாவரவியலில் இதன் பெயர் குளோரியோசா சுப்பெர்பா. காந்தள், செங்காந்தள், தோன்றி என்பவை பழைய பெயர்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட பூப்பட்டியல் செங்காந்தளில்தான் தொடங்குகிறது. கிழங்கின் வடிவத்தை வைத்துக் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் நியங்கலா. தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் சிம்பாப்வேயின் தேசியப் பூவும் இதுவே. 2003 இல் விடுதலைப் புலிகள் இதைத் தேசியப் பூவாக அறிவித்த பின்னர் எங்கள் பகுதிகளில் இதற்கு வேறொரு பொருளும் சேர்ந்துவிட்டது. 2024 இல் வலிகாமத்தில் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் இந்தப் பூவை அலங்காரமாக வைத்ததற்காக மாணவர்களைப் பொலிசார் விசாரித்த செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். யார் நட்டாலும் நடாவிட்டாலும் மழை விழுந்தால் பற்றைக்குள் முளைக்கிற கொடி இது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

நடுவதற்கு ஏற்ற காலம் மாரி மழைக்குச் சற்று முன்னர், புரட்டாதி. விதையிலும் முளைக்கும், ஆனால் விதை முளைக்க நாளெடுக்கும், பூப்பதற்கு மூன்று, நான்கு வருடங்கள் காத்திருக்க வேண்டும். நல்ல பருமனான கிழங்கு என்றால் அந்த மாரியிலேயே பூக்கும்.

கிழங்கின் இரண்டு கிளைகளின் நுனியிலும்தான் முளைக்கண் இருக்கிறது. அது முறிந்தால் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. ஆகவே கிண்டும்போதும் கொண்டுபோகும்போதும் நுனியைக் கவனிக்க வேண்டும். நான் முதன்முதலில் நண்பர் ஒருவருக்குக் கொடுத்த கிழங்கு சொப்பிங் பையில் பஸ்ஸில் நசிந்து இரண்டு நுனியும் போய்விட்டது. அவர் ஒரு மாரி முழுவதும் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விட்டார்.

கிழங்கை நிமிர்த்தி வைக்காமல் படுக்கையாக, நான்கு விரல் ஆழத்தில் வைத்து மூடுங்கள். தண்ணீர் வடியும் மண்தான் முக்கியம். வலிகாமத்துச் செம்மண்ணிலும் மணல் கலந்த நிலத்திலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. வன்னியில் வயலை அண்டிய களிமண் வளவுகளில் மாரித் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும். அங்கே மணலும் உக்கிய மாட்டெருவும் கலந்து ஒரு முழ உயரத்துக்கு மேடு கட்டி நடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இந்தக் கொடி பற்றும் விதம் வேறு. இலையின் நுனியே சுருண்டு கையாகி எதையாவது பிடித்துக்கொள்கிறது. அதனால் மதிலிலும் தடித்த தூணிலும் ஏறாது. கிளுவை வேலி, மெல்லிய கம்பி, காய்ந்த மரக்கிளை போதும். இளந்தண்டு சட்டென்று முறியும். நுனி முறிந்தால் அந்த வருடம் பூவை எதிர்பார்க்க வேண்டாம். கறுப்பு உடலில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் புள்ளி வைத்த ஒரு புழு இலையை ஒரே இரவில் தின்று முடிக்கும். காந்தளைத் தேடி வருகிற புழு அது. விடியப்புறம் பார்த்துத் தடியால் தட்டி எடுத்துவிடுவதே பெரியம்மாவின் வைத்தியம்.

பூ விரியும்போது பச்சையும் மஞ்சளுமாக இருந்து, நாள் போகப்போகச் செம்மஞ்சளாகிக் கடைசியில் முழுச் சிவப்பாகிறது. ஆறு இதழும் பின்பக்கமாக மேலே வளைந்து நிற்கும். சூல்தண்டு ஒரு பக்கமாக மடிந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால் தானாகக் காய்ப்பது குறைவு. தமிழ்நாட்டில் ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காக இதைப் பயிரிடுகிற விவசாயிகள் காலையில் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். அந்த விதையிலிருந்து எடுக்கப்படும் கொல்சிசின்தான் கௌட் எனப்படும் மூட்டு நோய்க்குக் கொடுக்கும் மருந்து.

அந்தக் கொல்சிசின்தான் நஞ்சும். கிழங்கு, தண்டு, இலை, பூ எல்லாவற்றிலும் உண்டு; கிழங்கிலும் விதையிலும் அதிகம். அவித்தாலும் போகாது. இங்கிலாந்தில் இருக்கும் அக்கா தன் வீட்டுப் பின்வளவில் நிற்கும் ஃபொக்ஸ்குளோவ் செடியின் படத்தை அனுப்பியிருந்தார். முதல் வருடம் இலை மட்டும், இரண்டாம் வருடம் மணி மணியாக ஊதாப் பூ, பிறகு விதைத்துவிட்டுச் செத்துப்போகும். அதுவும் நஞ்சு. அந்தக் குடும்பத்துச் செடியிலிருந்து வருவதுதான் அப்பா இதயத்துக்காகக் குடித்த டிகொக்சின் குளிசை. இரண்டு செடியிலும் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் இருப்பது அளவு மட்டுமே. அதை வீட்டில் அளக்க முடியாது. நாட்டு வைத்தியமென்று யாராவது இந்தக் கிழங்கைச் சொன்னால் கேட்காதீர்கள்.

யாராவது தின்றுவிட்டால் சில மணித்தியாலங்களுக்குள் வாயும் தொண்டையும் எரியும். வாந்தி, வயிற்று வலி, வயிற்றோட்டம் தொடங்கும். சிலருக்கு இவை தணிந்தது போல இருந்து, அடுத்தடுத்த நாட்களில் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படும். ஆகவே அறிகுறி வரும்வரை காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எதைத் தின்றார் என்று தெரிந்தால் வைத்தியர்களுக்கு நேரம் மிஞ்சும்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் காய் வெடிக்க முன்னர் பறித்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சிவப்பு விதை பிள்ளைகளின் கண்ணை இழுக்கும். ஆடு, மாடு எட்டாத இடத்தில் நடுங்கள். கிழங்கைத் தொட்டால் கையைக் கழுவுங்கள். மரக்கறித் தோட்டத்துக்குள், முக்கியமாக வள்ளி, மரவள்ளி நிற்கும் பாத்திக்குப் பக்கத்தில் நடவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனம் உடைந்துபோன ஒருவர் இருக்கும் வீட்டுக்கு நான் கிழங்கு கொடுப்பதில்லை. பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய் இரண்டு வருடம் தொடர்ந்து கேட்டார். கிழங்கு இல்லை என்று பொய் சொன்னேன். கார்த்திகையில் எங்கள் வேலியில் பூத்ததைப் பறித்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இல்லையெண்டு சொன்னனீ" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. பூ மட்டும் வருடாவருடம் போகிறது.

தைக்குப் பிறகு கொடி மஞ்சளாகிக் காயும். செத்துவிட்டதென்று நினைத்துத் தண்ணீர் விடாதீர்கள். கிழங்கு கோடை முழுவதும் உள்ளே உறங்கும், அப்போது ஈரம் ஆகாது. கிண்டி எடுக்கத் தேவையில்லை. ஆனால் கொடி முற்றாகக் காய்ந்து விழுவதற்கு முன்னர் அந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு தடி ஊன்றிவிடுங்கள். பெரியம்மா ஒன்றுக்கு இரண்டாக ஊன்றுகிறார், சிவப்புச் சீலைத் துண்டும் கட்டி.