இல்லக் கோப்புறையும் பொதுக் கணினியும்: புகுபதிகை வேளையிலான தன்னியக்க ஏற்றம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு கருவி யாருடைய உடைமை என்பதும், அக்கருவியால் ஆக்கப்படும் பொருள் யாருக்கு உரியது என்பதும் வெவ்வேறு வினாக்கள். பல்கலைக்கழகக் கணினிக்கூடத்திலே இவ்விரு வினாக்களும் ஒருங்கே எழுகின்றன. கணினி பொதுவானது, அதில் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரையோ மாணவருக்குரியது. சொந்தக் கணினி வாங்கும் வசதியற்ற மாணவர் இன்று ஒரு மேசையிலும் நாளை பிறிதொரு மேசையிலும் அமர்ந்து தமது எழுத்தைத் தொடரவேண்டியுள்ளது. எனவே, எழுத்து இயந்திரத்தைச் சாராது ஆளைச் சார்ந்து நிற்றல் அவசியமாகும். வலையமைப்பிலுள்ள இல்லக் கோப்புறையைப் புகுபதிகை வேளையில் தானாக ஏற்றும் முறை இத்தேவையின் விளைவேயாகும்.

'ஏற்றுதல்' என்னும் சொல்லின் வரலாறு ஈண்டு நோக்கத்தக்கது. முற்காலக் கணினிக்கூடங்களிலே வட்டுத் தொகுதிகளையும் காந்த நாடாச் சுருள்களையும் தொழிலாளர் கையால் தூக்கி இயந்திரத்தில் ஏற்றினர். 1971இல் பெல் ஆய்வுகூடத்தில் உருவான யூனிக்ஸின் முதற் பதிப்பிலேயே 'மவுண்ட்' என்ற கட்டளை இடம்பெற்றது. 1980களின் நடுப்பகுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட என்.எவ்.எஸ். முறையின் மூலம், தொலைவிலுள்ள சேவையகத்தின் கோப்புறையையும் அவ்வாறே ஏற்ற முடிந்தது. கையின் உழைப்பு மறைந்தது. அதனைச் சுட்டிய சொல் எஞ்சியது.

இம்முறை பெருமளவிற் பரீட்சிக்கப்பட்ட களங்களுள் ஒன்று, மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1983 முதல் 1991 வரை நடைபெற்ற அதீனா திட்டமாகும். மாணவர் எந்தக் கணினியின் முன் அமரினும் தம் கோப்புகளையே காணவேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. மாணவர் இன்னார்தாம் என உறுதிப்படுத்தும் பணியைக் கேர்பெரோஸ் மேற்கொண்டது. அவரது இல்லக் கோப்புறை எச்சேவையகத்தில் உள்ளது என்பதை, கிரேக்கப் புலவனின் பெயர்கொண்ட ஹீசியட் அறிவித்தது.

இன்றைய லினக்ஸ் கணினிகளில் இரு வழிகள் பெருவழக்கிலுள்ளன. கோப்புறை நாடப்படும் கணத்திலேயே அதனை ஏற்றும் ஓட்டோ எவ்.எஸ். ஒன்று, புகுபதிகையின்போது தரப்படும் கடவுச்சொல்லைக் கொண்டே ஏற்றும் பாம் மவுண்ட் மற்றொன்று. ஏற்றுதல் பொதுவாக நிருவாகிக்குரிய அதிகாரத்தை வேண்டுவதால், இதற்கான கட்டளைத்தொடர் மாணவரின் அமர்வு தொடங்குமுன் அவ்வதிகாரத்துடன் இயங்குதல் வேண்டும்.

அக்கட்டளைத்தொடரை எழுதுவோர் மனங்கொள்ள வேண்டியவை நான்கு.

முதலாவது, ஏற்றம் நிகழ்ந்ததா என்பதைச் சோதித்தறிதல். வலையமைப்பு தயாராகுமுன் மாணவர் புகுந்தால் ஏற்றம் தவறலாம். அப்போது அவர் காண்பது அக்கணினியிலுள்ள வெற்றுக் கோப்புறையே. அதில் அவர் ஓர் இயல் முழுவதையும் எழுதிச் சேமிக்கக்கூடும். மறுநாள் ஏற்றம் சரிவர நிகழுமாயின், அவ்வெழுத்து ஏற்றப்பட்ட கோப்புறையின் அடியில் மறைந்துவிடும். வேறு கணினியிலோ அது இராது. ஆதலின் ஏற்றிடமான வெற்றுக் கோப்புறையில் மாணவர் எழுத இயலாவாறு உரிமத்தை நீக்கி, ஏற்றம் தவறியவிடத்து அதனைத் தெளிவாக அறிவித்துப் புகுபதிகையை நிறுத்துவதே முறை.

இரண்டாவது, கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதாமை. இயங்கும் கட்டளைகளின் பட்டியலிலே பிறர் அதனைக் காணக்கூடும்.

மூன்றாவது, ஆளெண்ணின் ஒருமைப்பாடு. என்.எவ்.எஸ். தன் எளிய வடிவில் பெயரையன்றி எண்ணையே நம்புகின்றது. இரு கணினிகளில் ஒரே எண் இருவருக்கு வழங்கப்பட்டிருப்பின், ஒருவரின் உழைப்பு மற்றவரின் உடைமையாகத் தோன்றும்.

நான்காவது, சேவையகம் தடைப்படும் வேளையிலான நடத்தை. 'ஹார்ட்' எனப்படும் ஏற்றம் சேவையகம் மீளும்வரை காத்திருக்கும். 'சொவ்ற்' ஏற்றம் பிழையை அறிவித்துக் கைவிடும். பின்னையதில் எழுத்து அரைகுறையாகச் சிதையும் ஆபத்துண்டு. பொறுமையைச் சோதிப்பினும் முன்னையதே இல்லக் கோப்புறைக்கு ஏற்றது.

தன்னியக்கம் என்பது மனித உழைப்பை ஒழிப்பதன்று. அதனை முன்கூட்டியே ஓரிடத்தில் செறித்து வைப்பதாகும். அச்செறிவு கவனமின்றி நிகழின் அதன் இழப்பைச் சுமப்பவர் கட்டளைத்தொடரை எழுதியவரல்லர். வேறு கணினியற்ற மாணவரே. சேவையகத்தில் இருப்பதனாலேயே ஒரு கோப்பு காக்கப்பட்டதாகிவிடாது என்பதும், அதற்குத் தனிப்பிரதி எடுக்கும் ஒழுங்கு வேண்டும் என்பதும் இவ்வழியே பெறப்படும். கருவி பொதுவாயிருக்கும் இடத்திலே, எழுத்தின் பாதுகாப்பும் பொதுப் பொறுப்பாதல் வேண்டும்.