கல்லாப்பெட்டிக் கணக்கு – 9: ஊசி போடாத டாக்டருக்கு எவ்வளவு?

சென்ற வாரம் அச்சகம். இந்த வாரம் கிளினிக். ஒரு டாக்டர், உதவிக்கு இரண்டு பெண்கள், வாசலில் இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான். மதுரைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் வெறும் எம்.பி.பி.எஸ்.ஸை வைத்துக்கொண்டு பல வருடமாகப் பொது மருத்துவம் பார்ப்பவர், ஆடிட்டரான எனக்குக் கட்சிக்காரர். ஊரும் பேரும் வேண்டாம் என்றார். கணக்கை எழுதத் தடையில்லை என்று நோட்டைத் தந்தார்.

ஃபீஸ் 150 ரூபாய். நாளொன்றுக்கு 30 பேர் வருகிறார்கள். முப்பது பேரும் காசு கொடுப்பதில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி காட்ட வருபவர், கட்டடக்காரரின் மாமியார், எதிர்க்கடைப் பையன், கோயில் குருக்கள், ஸ்டேஷன் ஏட்டையா எல்லாரையும் கழித்தால் 24 பேர். மாதம் 25 நாள். வரவு 90,000 ரூபாய்.

செலவில் வாடகை 14,000. இரண்டு பெண்களுக்கும் சேர்த்துச் சம்பளம் 19,000. கரண்ட் 4,000, அதுவும் கமர்ஷியல் ரேட். பஞ்சு, ஸ்பிரிட், சிரிஞ்சு, கையுறை 6,000. மருத்துவக் கழிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் 3,500. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், ஊசி முனை வெள்ளை டப்பாவில் போக வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் கழிவைத் தேக்கி வைக்கக் கூடாது. வண்டி வந்தாலும் வராவிட்டாலும் சந்தா உண்டு. கருவி ரிப்பேருக்கு 1,500. ஆக 48,000 போய், கையில் நிற்பது 42,000.

இதை எதோடு ஒப்பிடுவது? தமிழ்நாடு அரசுப் பணியில் சேரும் உதவி மருத்துவருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 56,100. அகவிலைப்படி தனி. பணி நேரம் போகச் சொந்தமாக கிளினிக் வைக்கவும் இங்கே அவருக்குத் தடையில்லை. பக்கத்துத் தெருவில் மாலையில் மட்டும் 100 ரூபாய்க்குப் பார்க்கிற அரசு டாக்டருக்குச் சம்பளம் பேங்கில் விழுந்துவிடுகிறது. நம்மவருக்குக் கல்லாவில் விழுந்தால்தான் உண்டு.

என் தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். வருமான வரிச் சட்டம், கணக்குப் புத்தகம் கேட்காமல், டாக்டரின் வரவில் பாதியை லாபமாக வைத்துக்கொள்கிறது. இவருக்குப் பாதிகூட மிஞ்சவில்லை. உண்மை லாபத்தைத்தான் காட்டுவேன் என்றால் கணக்கெழுதி ஆடிட் செய்ய வேண்டும். மிச்சமாவதை என் ஃபீஸே தின்றுவிடும். நல்லவேளை, புதிய வரிமுறையில் இந்த வருமானத்துக்கு வரியே வராது.

பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது. நான்கு நாள் கதவைச் சாத்தினால் வாடகை ஓடும். வேறு டாக்டரைப் பார்த்துவிட்ட குடும்பங்களில் சில திரும்பி வராது. திருப்பதிக்குப் போனாலும் நம்மவர் மறுநாள் மாலை டோக்கனுக்கு வந்துவிடுவார். இரவு பத்தரைக்கு சுகர் ரிப்போர்ட்டைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “நார்மலா டாக்டர்?” என்று கேட்பார்கள். இதற்கு நோட்டில் வரவுப் பக்கமே இல்லை.

அப்படியானால் ஃபீஸை ஏற்ற வேண்டியதுதானே என்று நானும் கேட்டேன். ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள் என்றார். காய்ச்சலோடு ஓர் அம்மா வந்தார்.

“ஊசி போட்ருங்க டாக்டர், காலையில மில்லுக்குப் போகணும்.”

“ஊசி வேணாம்மா. வைரஸ் காய்ச்சல், மூணு நாள்ல எறங்கிரும். கஞ்சி குடிங்க, தண்ணி நிறைய குடிங்க. மூச்சு வாங்குனாலோ வாந்தி நிக்கலைன்னாலோ உடனே வரணும்.”

நாக்கு, கண், வயிறு பார்த்து, சுகர் மாத்திரையை விசாரித்து, பத்து நிமிடம் பேசினார். வெளியே டோக்கன் பெண்ணிடம் அந்த அம்மா கேட்டது என் காதில் விழுந்தது: “ஊசியே போடலையே, அதுக்கும் நூத்தம்பதா?”

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் டாக்டரிடம் போகும்போது வீட்டிலிருந்தே பாட்டில் எடுத்துப் போவோம். கம்பவுண்டர் மிக்ஸ்சரை ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டில் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். மருந்துக்கும் வைத்தியத்துக்கும் சேர்த்து ஒரே காசு. பாட்டில் போய் ஊசி வந்தது, ஊசியோடு ஸ்கேன் வந்தது. கண்ணில் படுகிற பொருளுக்குத்தான் காசு என்ற பழக்கம் மட்டும் போகவில்லை.

இந்த இடத்தில்தான் தொழில் கெடுகிறது. பேச்சுக்குக் கிடைக்காத காசைச் சில டாக்டர்கள் வேறு வழியில் எடுக்கிறார்கள். ஸ்கேனுக்கு அனுப்பிய தலைக்கு இவ்வளவு என்று மாதக் கடைசியில் கவர் வருவதற்குத் தொழிலில் ‘கட்’ என்று பெயர். 2002-இல் வந்த மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள் இதைத் தடை செய்கின்றன. மருந்துக் கம்பெனிப் பரிசுகளுக்கும் 2009-இல் தடை வந்தது. தங்க நாணயமும் ஃப்ரிட்ஜும் டி.வி.யும் டாக்டர்களுக்குக் கொடுத்த ஒரு கம்பெனி, அதை வியாபாரச் செலவாகக் காட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்புச் சொன்னது. ‘கட்’ பணம் வானத்திலிருந்து வருவதில்லை. நாம் கட்டும் ஸ்கேன் பில்லில்தான் இருக்கிறது.

ஐந்து ரூபாய்க்குப் பார்த்தவர்களும் இருந்தார்களே என்பீர்கள். சென்னை வியாசர்பாடி திருவேங்கடம் டாக்டர் 1973-இல் இரண்டு ரூபாய்க்குப் பார்க்க ஆரம்பித்து, ஐந்து ரூபாய் டாக்டராகவே 2020-இல் காலமானார். வண்ணாரப்பேட்டை ஜெயச்சந்திரன் டாக்டரும் அதே ரகம். கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்கள். ஆனால் அவர்களைக் காட்டி மற்ற டாக்டர்களை அளப்பது நியாயமில்லை. அது தொண்டு. வாடகையும் சம்பளமும் கொடுத்து நடத்துகிற தொழிலுக்குத் தொழில் கணக்குத்தான் பொருந்தும்.

நம்மவர் கட் வாங்குவதில்லை. 200 ரூபாய் ஆக்கினால், கூட்டம் குறையாதவரை, கையில் 72,000 நிற்கும். பயப்படுகிறார். 100-ஐ 150 ஆக்கியபோது இரண்டு மாதம் பெஞ்சு காலியாக இருந்ததாம். அப்போது 120 என்று வைத்தால் சில்லறைத் தகராறு. ஜிபே வந்த பிறகு 120-ம் ஒன்றுதான், 175-ம் ஒன்றுதான். சில்லறைக் காலத்துப் பயத்தை அவர் விட வேண்டும் என்பது என் கட்சி.

டாக்டர்களுக்கு: கன்சல்டேஷன் எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்று அறையில் போர்டு வையுங்கள். அதே 2002 விதிகள் அதையும் சொல்கின்றன. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஐம்பது ஏற்றுவதைவிட, வருடா வருடம் பத்து ஏற்றுங்கள். வாசகர்களுக்கு: மருந்து குறைவாக எழுதி, நேரம் அதிகம் தருகிற டாக்டர் ஊரில் இருந்தால், அவர் கேட்கிற ஃபீஸைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கடையை மூடிவிட்டால் அடுத்து நீங்கள் போகும் இடத்தில் நுழைவுக் கட்டணமே இதைவிட அதிகம்.

(அடுத்த வாரம்: மருந்துக் கடை)