பழைய மாணவர் விடுதியை இடிப்பதா, காப்பதா? – அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழக விடுதிகள்

கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களில் பழுதடைந்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிய மாணவர் விடுதி கட்டுவது இன்று பரவலாக நடந்துவருகிறது. மாணவர் எண்ணிக்கை கூடுகிறது, இடம் போதவில்லை, பழைய சுவர்களில் விரிசல் விழுகிறது. ஆகவே இடிப்பது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அந்தப் பழைய கட்டடம் ஒரு கலைப்படைப்பாகவும் இருந்துவிட்டால் என்ன செய்வது? 2020 டிசம்பரில் அகமதாபாத்தில் எழுந்த இந்தக் கேள்வி, உலகெங்கும் உள்ள கட்டடக் கலைஞர்களைப் பேச வைத்தது. அந்த நிகழ்வையும், அதிலிருந்து மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வளாகம் உருவான வரலாறு

அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் 1961-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்டது. விண்வெளி அறிவியலாளர் விக்ரம் சாராபாயும், தொழிலதிபர் கஸ்தூர்பாய் லால்பாயும் இதன் உருவாக்கத்தில் முன்னின்றவர்கள். வளாகத்தை வடிவமைக்கும் பொறுப்பு பாலகிருஷ்ண தோஷியைத் தேடி வந்தபோது, அவர் அதைத் தாமே வைத்துக்கொள்ளாமல் அமெரிக்காவைச் சேர்ந்த லூயி கானை அழைக்கலாம் என்று பரிந்துரைத்தார். தோஷியும் அனந்த் ராஜேயும் கானுடன் இணைந்து பணியாற்றினர். தோஷி பின்னாளில், 2018-இல், கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்றார்.

லூயி கான் (1901–1974) இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கட்டடக் கலைஞர்களில் ஒருவர். வங்காளதேசத் தலைநகர் டாக்காவில் உள்ள நாடாளுமன்றக் கட்டடமும் அவருடைய படைப்பே. 1974 மார்ச் மாதம் அகமதாபாத் பயணத்தை முடித்துத் திரும்பிய வழியில், நியூயார்க் ரயில் நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார்.

விடுதிகளின் சிறப்பு

இவ்வளாகத்தில் கான் வடிவமைத்த மாணவர் விடுதிகள் 18. நம் ஊர் விடுதிகளில் நீண்ட நடைபாதையின் ஓரமாக வரிசையாக அறைகள் இருக்கும். கான் அப்படிச் செய்யவில்லை. படிக்கட்டையும் மாணவர்கள் கூடிப் பேசும் பொது இடத்தையும் மையமாக வைத்து, அவற்றைச் சுற்றி அறைகளை அமைத்தார். வகுப்பு முடிந்த பிறகும் பாடம் தொடர வேண்டும், மாணவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

சுவர்கள் பூச்சு பூசாத செங்கற்சுவர்கள். அகமதாபாத்தின் கடும் வெயில் அறைக்குள் நேரடியாக விழாதபடி திறப்புகள் உள்வாங்கி அமைந்துள்ளன. பெரிய வட்டத் திறப்புகளும் செங்கல் வளைவுகளும் வளாகத்தின் அடையாளம். வளைவின் இரு கால்களும் வெளிப்பக்கம் விலகிப்போகாமல் இழுத்துப் பிடிக்கக் கான்கிரீட் கட்டைகள் வைக்கப்பட்டுள்ளன. செங்கல் தானே விரும்பும் வடிவம் வளைவுதான் என்று கான் தம் மாணவர்களிடம் சொல்வது வழக்கம். அந்தக் கருத்தை நேரில் காண விரும்புவோர் இவ்வளாகத்தில் காணலாம்.

கட்டடம் ஏன் பழுதடைந்தது?

செங்கல் நீரை உறிஞ்சும். பூச்சில்லாத சுவரில் மழைநீர் இறங்கினால், அது காயும்போது செங்கல்லில் உள்ள உப்பை வெளியே கொண்டுவரும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பிறகு செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். சுவருக்குள் இரும்புக் கம்பி இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். துரு, இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். ஆகவே துருப்பிடித்த கம்பி உள்ளிருந்தே சுவரை நெம்பிப் பிளக்கும். தரம் குறைந்த செங்கல்லும், சுவருக்குள் துருவேறிய கம்பிகளும், கூரையிலிருந்து கசியும் நீரும் சேர்ந்தே கட்டடங்களைச் சிதைத்ததாக நிர்வாகம் கூறியது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்திலும் இவை சேதமடைந்தன.

தென்காசி, குற்றாலம் பகுதியில் வாழ்பவர்களுக்கு இந்த நோய் புதிதன்று. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் வீசும்போது சுவர்களில் ஓதம் ஏறுவதையும் பாசி படர்வதையும் ஆண்டுதோறும் பார்க்கிறோம். நான் பணியாற்றிய பள்ளியொன்றில், மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய் சருகுகளால் அடைபட்டது. தேங்கிய நீர் கைப்பிடிச் சுவரில் இறங்கியது. அங்கே ஓர் அரசங்கன்று முளைத்தது. அதைப் பிடுங்க யாருக்கும் நேரமில்லை. சில ஆண்டுகளில் வேர் சுவரைப் பிளந்தது. மூன்று வகுப்பறைகள் பூட்டப்பட்டன. பின்னர் அந்தக் கட்டடமே இடிக்கப்பட்டது. ஆவணத்தில் எழுதிய காரணம் 'கட்டடம் பழையது' என்பதே. குழாயைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

சீரமைப்புப் பணி

மேலாண்மைக் கழகம் முதலில் எடுத்த முடிவு இடிப்பது அன்று. 2014-இல் போட்டி ஒன்றை நடத்தி, கட்டடக் கலைஞர் பிரிந்தா சோமையாவின் நிறுவனத்திடம் சீரமைப்புப் பணியை ஒப்படைத்தது. விக்ரம் சாராபாய் நூலகம் சீரமைக்கப்பட்டது. இதற்கு 2019-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. விடுதிகளில் 15-ஆம் எண் விடுதி மாதிரியாகச் சீரமைக்கப்பட்டது. அதே முறையில் மற்றவையும் சரிசெய்யப்படும் என்றே பலர் எதிர்பார்த்தனர்.

2020 முதல் 2022 வரை நடந்தது என்ன?

2020 டிசம்பர்: 18 விடுதிகளில் 14-ஐ இடித்துவிட்டுப் புதிய விடுதிகள் கட்டக் கட்டடக் கலைஞர்களிடமிருந்து விண்ணப்பங்களை நிர்வாகம் கேட்டது. விடுதிகள் வாழத் தகுதியற்றவையாகிவிட்டன, மாணவர்களின் பாதுகாப்பே முதன்மை என்று முன்னாள் மாணவர்களுக்கு விளக்கக் கடிதமும் அனுப்பியது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. உலக நினைவுச்சின்ன நிதியம் கடிதம் எழுதியது. லூயி கானின் மூன்று பிள்ளைகளும் முடிவை மாற்றுமாறு வேண்டினர். பல நாட்டுக் கட்டடக் கலைஞர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டனர்.

2021 ஜனவரி 1: நிர்வாகம் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. வல்லுநர்களைக் கலந்து மீண்டும் ஆராய்வதாகக் கூறியது.

2022 நவம்பர்: கட்டமைப்பு வல்லுநர்களின் ஆய்வுகளைக் காட்டி, சீரமைப்பைத் தொடர இயலாது என்று நிர்வாகம் மறுபடியும் அறிவித்தது. அந்த 14 விடுதிகளின் இடத்தில் புதியவற்றைக் கட்டுவது, ஆசிரியர் தொகுதிகளையும் வகுப்பறைத் தொகுதியையும் வளாக ஓரத்து விடுதிகளையும் வெளித்தோற்றம் மாறாமல் மீண்டும் கட்டுவது என்பது அதன் முடிவு.

இரு தரப்பு வாதங்கள்

நிர்வாகத்தின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. விடுதி என்பது அருங்காட்சியகம் அன்று. இரவில் அங்கே மாணவர்கள் தூங்குகிறார்கள். செங்கல் உதிரும் சுவரின் கீழ், நிலநடுக்க வாய்ப்புள்ள ஒரு நகரத்தில், பெற்றோர் தம் பிள்ளையை விட்டுச் செல்கிறார்கள். ஒரு விபத்து நேர்ந்தால் கையெழுத்திட்ட கலைஞர்கள் அதற்குப் பொறுப்பேற்க மாட்டார்கள். நிர்வாகமே பதில் சொல்ல வேண்டும்.

எதிர்த்தவர்களின் வாதமும் வலுவானது. நூலகத்தைச் சீரமைத்து உலக விருது பெற்ற நிறுவனம், அதே செங்கல்லால் ஆன விடுதிகளை மட்டும் காக்க முடியாது என்பது எப்படி? மேலும், கான் வளாகத்தைத் தனித்தனிக் கட்டடங்களாக நினைக்கவில்லை. நூலகம், வகுப்பறை, விடுதி மூன்றும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் ஒரே அமைப்பு அது. விடுதிகளை எடுத்துவிட்டால் எஞ்சுவது பாதி வாக்கியம்தான்.

இடநெருக்கடிக்கும் வேறு வழி இருந்தது. சாலைக்கு அப்பால் பிமல் படேலின் வடிவமைப்பில் புதிய வளாகம் ஏற்கெனவே கட்டப்பட்டு, சுரங்கப்பாதையால் பழைய வளாகத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பழையதை வைத்துக்கொண்டே பக்கத்தில் புதியதைச் சேர்க்கலாம் என்பதற்கு அவ்வளாகமே சான்று.

சட்டம் ஏன் காப்பாற்றவில்லை?

1958-ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, ஒரு கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட அதற்குக் குறைந்தது 100 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். விடுதலைக்குப் பின் கட்டப்பட்ட எந்தக் கட்டடத்துக்கும் அந்த வயது இன்னும் வரவில்லை. 1972-இல் கட்டப்பட்ட டெல்லி பிரகதி மைதானத்தின் 'நாடுகளின் மண்டபம்' 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டதும் இந்த இடைவெளியால்தான். ஆகவே நம் காலத்துக் கட்டடங்களின் தலைவிதி பெரும்பாலும் உரிமையாளரின் கையில்தான் உள்ளது.

பிற நாடுகளில்

பழைய விடுதி என்றாலே வாழத் தகுதியற்றது என்று பொருளல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வார் ஆல்ட்டோ 1949-இல் கட்டி முடித்த பேக்கர் இல்லம், 1990-களின் இறுதியில் புதுப்பிக்கப்பட்டு இன்றும் மாணவர் விடுதியாகவே இயங்குகிறது. பிரின் மார் கல்லூரியில் லூயி கான் 1965-இல் கட்டிய எர்ட்மன் இல்லத்திலும் மாணவியர் வசிக்கின்றனர். காலத்துக்குக் காலம் பழுதுபார்த்ததே இவற்றின் ஆயுளை நீட்டியது.

புதிது கட்டுவதே சரியாகும் இடங்கள்

எல்லாப் பழைய கட்டடத்தையும் காக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சென்னை சைதாப்பேட்டை எம்.சி. ராஜா அரசுக் கல்லூரி மாணவர் விடுதி வளாகத்தில், ரூ.44.50 கோடியில் 484 மாணவர்கள் தங்கும் 10 தளக் கட்டடம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. தலைநகரில் தங்க இடமில்லாததால் படிப்பைக் கைவிடும் நிலையில் உள்ள ஏழை மாணவருக்கு ஒரு படுக்கை என்பது சிறிய செய்தியல்ல. அந்த விடுதிக்குப் பெயர் தந்த எம்.சி. ராஜாவே பள்ளி ஆசிரியராக இருந்து, ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்காகப் பாடுபட்டவர். தேவை உண்மையானதாக இருக்கும் இடத்தில் புதிய கட்டடம் எழ வேண்டியதுதான்.

முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

உங்கள் கல்லூரியில் ஒரு பழைய விடுதியை இடிக்கப் போவதாக அறிவித்தால், மாணவர்கள் கேட்கத்தக்க கேள்விகள் இவை:

1. கட்டடத்தின் உறுதியை யார் ஆய்வு செய்தார்கள்? அந்த அறிக்கையை மற்ற வல்லுநர்களும் பார்க்க முடியுமா?
2. பழுதுக்குக் காரணம் கட்டுமானக் குறையா, பராமரிப்புக் குறையா?
3. சீரமைக்க ஆகும் செலவும் புதிதாகக் கட்ட ஆகும் செலவும் ஒப்பிடப்பட்டனவா?
4. வளாகத்தில் வேறு காலியிடம் உண்டா?
5. வேலை முடியும் வரை மாணவர்கள் எங்கே தங்குவார்கள்? புதிய விடுதியின் கட்டணம் ஏழை மாணவருக்கு எட்டுமா?
6. புதிய கட்டடத்தைப் பராமரிக்க ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்படுமா?

இவற்றுள் ஆறாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பழைய கட்டடத்தைக் கெடுத்த அதே அலட்சியம் தொடர்ந்தால், புதிய கட்டடமும் முப்பது, நாற்பது ஆண்டுகளில் அதே நிலைக்கு வரும்.

தென்காசிக் கல்வெட்டு சொல்வது

தென்காசி காசிவிசுவநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், தன் கட்டடம் என்றும் அழியாது என்று பெருமை பேசவில்லை. பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேருமானால், அதைச் சரிசெய்து காப்பவர்களை உலகறியப் பணிவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். அவன் எண்ணியது போலவே குறை வந்தது. கோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்றது. பின்னர் மக்கள் முயற்சியால் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து, 1990-இல் குடமுழுக்குக் கண்டது.

கட்டியவனே, இனிப் பழுதுபார்க்கப் போகிறவர்களை அன்றே வணங்கினான். கட்டடங்களைத் திறந்து வைத்தவர்களின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. ஆண்டுதோறும் மழைக்கு முன் மாடியேறிக் குழாயில் அடைத்த சருகை அள்ளியவரின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் ஒரு கட்டடம் ஐம்பதாவது ஆண்டில் இடிபடுமா, நூறாவது ஆண்டைக் காணுமா என்பதை அந்தக் கைகளே பெரிதும் தீர்மானிக்கின்றன.