வால் மாறினால் ஆள் மாறுமா?

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2001இல் கேரள அரசு தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், பின்னாளில் அரசுப் பள்ளிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குக் கூட்டிச் சென்றது. லைசென்ஸ் செலவு மிச்சம். ஆனால் விண்டோஸ் மென்பொருள் பொதுவாக லினக்ஸில் அப்படியே ஓடாது.

சிக்கல், கம்பைல் செய்யப்பட்ட துணை ஃபைல்களில். விண்டோஸில் இவற்றின் பெயர் '.டிஎல்எல்' என்று முடியும், லினக்ஸில் '.எஸ்ஓ', ஆப்பிளின் மேக்கில் பெரும்பாலும் '.டைலிப்'. வாலை மட்டும் மாற்றினால் போதாது, உள்ளமைப்பே வேறு. விண்டோஸ் ஃபைல் 'எம்இஸட்' என்று தொடங்கும். அந்த வடிவத்தை உருவாக்கிய மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல் அது. லினக்ஸ் தேடுவதோ 'இஎல்எஃப்'.

நேர்வழி, மூல நிரலை லினக்ஸுக்கென்று மறுபடி கம்பைல் செய்வது. சுதந்திர மென்பொருளில் மூல நிரல் கைக்குக் கிடைக்கும். மற்றதற்கு, விற்ற கம்பெனி மனது வைக்க வேண்டும்.