பழைய ஐரோப்பிய நாணயம்: தேய்க்காதீர்கள், எடை போடுங்கள்

பழைய பெட்டியைக் குடையும்போது ராஜா தலையோ ராணி தலையோ பொறித்த ஐரோப்பிய நாணயம் ஒன்று கைக்கு வந்தால், வீட்டில் எல்லோரும் கேட்பது, "எத்தனை வருஷத்துக் காசு?" என்றுதான். ஆனால், வயதை மட்டும் வைத்து விலை சொல்ல முடியாது. ரோமப் பேரரசின் 4ஆம் நூற்றாண்டு வெண்கலக் காசுகள் 1,600 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. ஏராளமாக அடிக்கப்பட்டதால், தேய்ந்துபோனவை இன்றும் ஐரோப்பாவில் சில யூரோவுக்கே கிடைக்கின்றன. என்ன உலோகம், எவ்வளவு அரிது, எந்த நிலையில் இருக்கிறது, வாங்க ஆள் உண்டா என்பவையே விலையைத் தீர்மானிக்கின்றன.

முதலில் எந்த நாடு என்று பாருங்கள். பல நாடுகள் தங்கள் மொழியிலோ லத்தீனிலோதான் பெயரைப் பொறிக்கும். ஹெல்வெட்டியா என்றால் சுவிட்சர்லாந்து, சுவோமி என்றால் பின்லாந்து, மகியார் என்றால் ஹங்கேரி. அடுத்தது ஆண்டு. பிரிட்டனின் ஹாஃப் கிரவுன் நாணயம் இதற்கு நல்ல உதாரணம். 1920க்கு முன் அடித்ததில் 92.5 சதவீதம் வெள்ளி. 1920 முதல் 1946 வரை பாதிதான் வெள்ளி. 1947 முதல் செம்பும் நிக்கலும் மட்டுமே. மூன்றுக்கும் எடை ஏறத்தாழ 14.1 கிராம்தான்.

ஆண்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஆஸ்திரியாவின் மரியா தெரசா தாலர் வெள்ளி நாணயத்தில் 1780 என்று இருக்கும். அரசி இறந்ததும் அதே ஆண்டில்தான். ஆனால், செங்கடல் பகுதி வணிகர்கள் இந்த உருவத்தையே நம்பி வாங்கியதால், அதே ஆண்டைப் பொறித்து அடித்துக்கொண்டே இருந்தார்கள். வியன்னா, ரோம், லண்டன் மட்டுமல்ல, 1940களின் தொடக்கத்தில் நம் பம்பாய் நாணயச்சாலையிலும் இது அச்சானது. அரசியின் தோள் ஊசியில் உள்ள முத்துகளையும் கழுகின் வால் இறகுகளையும் உருப்பெருக்கியில் எண்ணித்தான் எந்தக் காலத்து அச்சு என்று வல்லுநர்கள் பிரித்தறிகிறார்கள்.

அசலா, போலியா என்று பார்க்க ஆர்க்கிமிடீஸ் கண்ட வழி உதவும். 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு போதும். தாலரை எடை போட்டால் ஏறக்குறைய 28.07 கிராம் காட்ட வேண்டும். பிறகு, தண்ணீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். தராசு சுமார் 2.75 கிராம் காட்டும். அதுதான் நாணயம் விலக்கிய நீரின் எடை. 28.07ஐ 2.75ஆல் வகுத்தால் வருவது 10.2. வெள்ளி 83.3 சதவீதமும் மீதி செம்பும் கலந்த உலோகத்தின் அடர்த்தி இதுவே. 8.5, 9 என்று வந்தால் அது பித்தளையாகவோ நிக்கல் கலவையாகவோ இருக்கலாம். அடர்த்தி ஒத்துவந்தாலும் அதோடு முடிவுகட்டாமல் விட்டம், விளிம்பு எழுத்து எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். வெள்ளி விளக்கைத் துலக்குவதுபோல விபூதியோ புளியோ போட்டு நாணயத்தைத் தேய்க்கக் கூடாது. மேலே படிந்திருக்கும் கருமை பெரும்பாலும் வெள்ளி சல்பைடு. அதைத் தேய்த்தெடுக்கும்போது, அச்சடித்த வேகத்தில் உலோகம் வழிந்து உண்டான நுண்வரிகளும் போய்விடும். புது நாணயத்தின் தனி மினுமினுப்பே அந்த வரிகளால்தான். சேகரிப்பவர்கள் கீறலை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், தனித்தனிக் காகித உறையில் வையுங்கள்.

விலை அறிய, விற்பவர் கேட்கும் தொகையை நம்பாமல், ஏலங்களில் உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள். 100 ஆண்டு கடந்த நாணயம் இந்தியச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பழைய நாணயம் வாங்கி விற்பதில் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்கும் மோசடி நடப்பதாக அந்த வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது. யார் முன்பணம் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.