சிவகாமி தோற்றுப் போனவளா?



கல்கியின், 'சிவகாமியின் சபதம்' நாவலைப் படித்து முடித்ததும், 'ஐயோ பாவம் சிவகாமி' என்று கண்ணைத் துடைத்துக் கொள்பவர்கள் பலர். எனக்கென்னவோ, அவளைப் பாவம் என்று ஒதுக்க மனசு வரவில்லை.

1944 முதல் 1946 வரை, 'கல்கி' பத்திரிகையில் தொடராக வந்த கதை இது. பல்லவ மன்னன் நரசிம்மவர்மன், 642ல் சாளுக்கியரின் வாதாபியை வென்றது சரித்திரம். அந்தப் போருக்குப் போன பரஞ்சோதி தான், சிறுத்தொண்ட நாயனார் என்கிறது பெரிய புராணம். சிவகாமியோ கல்கியின் கற்பனை. ஆனாலும், பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி மனசில் உட்கார்ந்து விடுகிறாள்.

தாயில்லாப் பெண்ணைக் காட்டு நடுவே பொத்திப் பொத்தி வளர்க்கிறார், ஆயனச் சிற்பி. அவளுக்கு நாட்டியம் தெரியும். ரதி என்ற மான்குட்டியோடும், கிளியோடும் பேசத் தெரியும். ஊர், உலகம் தெரியாது. மகளின் அபிநயத்தைப் பார்த்துச் சிலை செதுக்குவதிலும், அஜந்தாவின் அழியாத வர்ண ரகசியத்திலுமே மூழ்கிக் கிடக்கிறார் அப்பா. நாகநந்தி மாதிரி ஒரு வஞ்சகர், வீட்டுக்குள் வந்து போவது கூட அவருக்கு உறைக்கவில்லை.

எங்கள் மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, என் மாமியார் இந்தக் கதையைத் தான் இழுத்தார். 'ஆட்டம், பாட்டுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சதால தானே, அந்தப் பொண்ணு வாதாபியில சிறைப்பட்டுக் கிடந்தா? இவ உள்ளூர்லயே படிக்கட்டும்' என்றார்.

'இல்லீங்க அத்தை... யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாதுன்னு அவளுக்கு ஒருத்தரும் சொல்லித் தரலையே. அதனால தான் அவ்வளவு கஷ்டம்' என்றேன்.

மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், 'லீவு விட்டா நேரா வீட்டுக்கு வந்துடணும்' என்ற கண்டிஷனோடு சம்மதித்தார்!

நடுத்தெருவில் ஆட வைக்கப்பட்ட அவமானத்தில், வாதாபியை எரித்து, மாமல்லர் தன்னை மீட்கும் வரை வெளியேற மாட்டேன் என்று சபதம் செய்கிறாள் சிவகாமி. மாமல்லரே மாறுவேடத்தில் அழைக்க வந்தும், வர மறுக்கிறாள். அது சின்னப் பெண்ணின் பிடிவாதம். அதற்கு, அவள் கொடுத்த விலை ஒன்பது வருஷம்.

காஞ்சிக்குத் திரும்பினால், மாமல்லர் மனைவி, குழந்தைகளோடு இருக்கிறார். அவள் யாரையும் சபிக்கவில்லை. உயிரை மாய்த்துக் கொள்ளவில்லை. இன்னொரு பெண்ணின் வாழ்க்கையில் குறுக்கே நிற்கவும் இல்லை. ஏகாம்பரநாதருக்கே தன்னையும், தன் கலையையும் அர்ப்பணித்து விடுகிறாள். முன்பு, அப்பா சொன்னபடி ஆடினாள். அப்புறம், காதலன் வருவான் என்று காத்திருந்தாள். இந்த முடிவு மட்டும் தான் அவளாக எடுத்தது. இவளைத் தோற்றவள் என்று எப்படிச் சொல்ல?

தோழியரே, பெண்ணுக்கு நகை சேர்ப்பது போல, உலக அனுபவத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுங்கள். தனியாக பஸ் ஏறட்டும், பாங்குக்குப் போய் வரட்டும். 'எது நடந்தாலும் அம்மாகிட்ட சொல்லலாம்' என்ற தைரியத்தையும் கொடுங்கள்.

நாலு பாகமாச்சே என்று மலைக்காமல், மகளோடு சேர்ந்து ஒருமுறை படித்துப் பாருங்களேன்!

— ஒரு வாசகி, திருச்சி.